சேடில் ஸ்டே, சைடு பாக்ஸ்: வீட்டில் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில், காலிப் பெட்டியோடு, எந்த சேடில் ஸ்டேயும் (பையையோ பெட்டியையோ பக்கவாட்டில் தாங்கும் குழாய்ச் சட்டம்) அழகாகத்தான் உட்காரும். தொல்லை அதன்பிறகுதான் ஆரம்பம். பின்னால் ஒருவர் ஏறியதும் சாக் அப்சார்பர் அமுங்கும், சக்கரம் மட்கார்டை நோக்கி மேலே வரும், சைலன்சர் சுடும், ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டி தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு போல்ட்டை இழுக்கும். வீட்டில் மாட்டும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, நிற்கிற வண்டிக்கு அளவெடுத்து மாட்டிவிட்டு ஓடுகிற வண்டியை மறந்துவிடுவதால் வருபவை.

புல்லட், கிளாசிக், ஹிமாலயன், பல்சர் போன்ற வண்டிகளில் பக்கவாட்டில் பை அல்லது பெட்டி மாட்டக் குழாய்ச் சட்டம் பொருத்துவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மதியப்பொழுதில் முடித்துவிடலாம். அவசரப்படக் கூடாத இடங்கள் சில உண்டு.

எடைக் கணக்கை கடைசியில் போடுவது

பெட்டியில் 35 லிட்டர் என்று எழுதியிருப்பது கொள்ளளவு. வண்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கெர்ப் எடை: பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்த வண்டியின் எடை. மற்றது ஆளும் சுமையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நம் கையிருப்பு.

உதாரணத்துக்கு கெர்ப் எடை 195 கிலோ, மொத்த எடை 365 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 170. ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு 80. பின்னால் இருப்பவர் 60. மீதி 30. அதில் ஸ்டே 5 கிலோ, அலுமினியப் பெட்டி தலா நாலரை என்று 9 கிலோ போனால் சாமானுக்கு மிஞ்சுவது 16 கிலோ. ஒரு பெட்டிக்கு 8. இரண்டு பேரின் துணி, தண்ணீர், பஞ்சர் கிட், மழைக்கோட்டு, சார்ஜர் எல்லாம் வைத்தாலே அது தீர்ந்துவிடும். அதற்குமேல் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் டாப் பாக்ஸும் மாட்டினால் பெட்டிக்கும் தட்டுக்குமாக இன்னொரு 4 கிலோ காலி.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் துணிப்பைதான் ஜெயிக்கும். ஒரு ஜோடித் துணிப்பை 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். அலுமினியப் பெட்டி பார்க்கக் கம்பீரம்தான். 350 சிசி வண்டியில் இரண்டு பேர் போகும்போது அந்தக் கம்பீரத்தின் விலை ஏழு கிலோ.

வண்டியின் வரம்பு தனி, ஸ்டேயின் வரம்பு தனி, பெட்டியின் வரம்பு தனி. ஸ்டே ஒரு பக்கத்துக்கு 10 கிலோ என்று சொன்னால் அது பெட்டியையும் சேர்த்தா, சாமான் மட்டுமா என்று பார்க்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

"நல்லா கனமா போடுங்கண்ணே"

ரெடிமேட் ஸ்டே வாங்காமல் பட்டறையில் சொல்லிச் செய்வதில் தப்பில்லை. நல்ல கைக்காரர் செய்தால் கடைச் சரக்கைவிட உறுதியாகவே வரும். தப்பு, கனம் என்றால் பலம் என்று நினைத்து 16 மி.மீ. உருட்டுக் கம்பியில் செய்யச் சொல்வதில் இருக்கிறது.

கட்டட வேலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: கம்பியின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, வர்க்கம் கண்டு, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. கம்பிக்கு அது 1.58 கிலோ. இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பியும் சேர்ந்து 5 மீட்டர் போனால் கிட்டத்தட்ட 8 கிலோ. அதே இடத்தில் 19 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. தடிமனும் உள்ள குழாய் மீட்டருக்கு 0.69 கிலோதான், 5 மீட்டருக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. வளையாமல் நிற்கும் விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, குழாய்க்கு ஒரு மாற்று கூடுதல். பாதி எடையில் அதே வேலை நடக்கும்போது கம்பி எதற்கு?

குழாயை 16 கேஜில், அதாவது அந்த 1.6 மி.மீ. தடிமனில், கேளுங்கள். அதைவிட மெல்லிய 18 கேஜ் குழாய் வளைக்கும் இடத்தில் நசுங்கும். வெல்டிங் போடும்போது ஓட்டை விழும். குழாயின் நுனியை சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, அதிலேயே ஓட்டை போட்டு போல்ட் மாட்டித் தரும் பட்டறைகள் உண்டு. அதை ஏற்காதீர்கள். உருண்டையிலிருந்து தட்டையாக மாறும் அந்த மடிப்புக் கோட்டில்தான் பின்னாளில் கீறல் விடும். அதற்குப் பதில் 5 மி.மீ. பட்டையை ஓட்டையோடு தனியாக வெட்டி, குழாயின் நுனியில் சேர்த்து வெல்டிங் போட்டு, மூலையில் ஒரு சின்ன முக்கோணத் துண்டும் வைக்கச் சொல்லுங்கள். குழாயின் முனைகள் முழுதாக மூடியிருக்க வேண்டும், அல்லது கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை வேண்டும். பாதி மூடி விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துருவேறும்.

அளவு சரியாக வரட்டும் என்று ஸ்டேயை வண்டியில் மாட்டியபடியே பொட்டு வெல்டிங் வைப்பதும் வழக்கமாகிவிட்டது. பெட்ரோல் டேங்குக்கு ஒன்றரை அடியில் பொறி பறப்பது ஒரு புறம். எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் வெல்டிங் கரன்ட் போகக் கூடாத வழியில் போய், இன்ஜினை நடத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு.வைக் காவு வாங்கலாம் என்பது மறு புறம். சாக்பீஸால் குறி வைத்து, கழற்றி, கீழே வைத்து வெல்டிங் போடுவதே முறை. வண்டியின் சேசிஸில் வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வண்டியில் ஏற்கெனவே போல்ட் இருக்கும் இடங்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

சேலை கார்டைக் கழற்றிப் பரணில் போடுவது

இடது பக்க ஸ்டே மாட்ட இடைஞ்சலாக இருப்பது பெரும்பாலும் சேலை கார்டுதான். அதைக் கழற்றினால் ஸ்டே சுலபமாக உட்காரும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் அது அலங்காரம் இல்லை. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆவது விதி. துப்பட்டாவோ முந்தானையோ ஸ்போக்கில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. சேலை கார்டின் மேலேயே உட்காரும் ஸ்டேயைத் தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் ஸ்டேயின் வளையத்துக்குள் கம்பி வலை அடைத்து அந்த வேலையை ஸ்டேயே செய்யும்படி பாருங்கள். கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேரியர் தட்டு மாட்டுவதற்கும் இதே விதி குறுக்கே நிற்கும்.

2020-இல் இதே விதியில் வந்த திருத்தம் பெட்டியைப் பற்றியும் பேசுகிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்கு மிகாத இலகுவான பெட்டி மாட்டலாம். அது பின்இருக்கையின் இடத்தில் இருந்தால் ஓட்டுபவர் மட்டும், அதற்குப் பின்னால் இருந்தால் இரண்டாவது ஆளும் போகலாம். மொத்த எடை வரம்பு எப்போதும் போல. நம்பர் பிளேட், பின்விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் பெட்டி மாட்டிய பிறகும் பின்னால் வருபவருக்கு நேராகவும் சாய்வாகவும் தெரிய வேண்டும். பத்தடி தள்ளி, ஒரு கார்க்காரரின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். இண்டிகேட்டர் மறைந்தால் அதை நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஒயரை நீட்டும்போது ஸ்டேக்கும் சேசிஸுக்கும் நடுவில் நசுங்காமல் வழிவிடுங்கள்.

ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது

எல்லாத் தவறுகளிலும் அதிகம் நடப்பது இதுதான். முதல் போல்ட்டை மாட்டி நன்றாக இறுக்கிவிடுவார்கள். இரண்டாவதும் வந்துவிடும். மூன்றாவதில் ஓட்டை 4 மி.மீ. தள்ளி நிற்கும். உடனே ஸ்குரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டு நெம்பி, இன்னொருவர் காலால் ஸ்டேயை அழுத்திப் பிடிக்க, போல்ட்டை எப்படியோ ஏற்றிவிடுவார்கள். போல்ட் ஏறிவிட்டது, ஆனால் அந்தச் சட்டம் இனி எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். மேலே சுமை ஏறும்போது முறுக்கும் சுமையும் சேர்ந்து வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும்.

சரியான வரிசை இது. எல்லா போல்ட்டையும் விரலால் மூன்று நான்கு சுற்று மட்டும் ஏற்றுங்கள். இடது, வலது இரண்டு ஸ்டேயும், பின்னால் குறுக்குக் கம்பியும் தொளதொளவென்று மாட்டிய நிலையில் இருக்கட்டும். இப்போது பின்னால் நின்று பார்த்து, இரண்டு வளையமும் ஒரே உயரத்தில் வரும்படி அசைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு சேசிஸை ஒட்டிய போல்ட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, முதல் சுற்றில் பாதி, இரண்டாம் சுற்றில் முழுதாக இறுக்குங்கள்.

அப்படியும் ஓட்டை 2–3 மி.மீ. தள்ளியிருந்தால் வட்ட அரத்தால் ஸ்டேயின் பட்டையில் உள்ள ஓட்டையை நீளவாக்கில் தேய்த்துக்கொள்ளலாம். சேசிஸில் உள்ள ஓட்டையைத் தொடக் கூடாது. தேய்த்த இடத்தில் பெயின்ட் போய் இரும்பு தெரியும், பிரைமர் தொட்டுவிடுங்கள். அதற்குமேல் விலகினால் ஸ்டேயே தப்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஸ்டேயும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது: 2021-இல் வந்த கிளாசிக் 350-க்கும் அதற்கு முந்தைய கிளாசிக்குக்கும் சேசிஸே வேறு. சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர் "எல்லாத்துக்கும் சேரும் சார்" என்று சொன்னாலும் வண்டியின் வருடத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இடைவெளியை நிரப்ப ஐந்தாறு வாஷரை அடுக்குவது இன்னொரு குறுக்குவழி. அடுக்கிய வாஷர்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், போல்ட் நடுவில் வளையும், ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் நிற்கும். அந்த அளவுக்கு வெட்டிய ஒரே துண்டு இரும்பு புஷ்தான் (போல்ட் நுழையும் சிறு குழல்) வேண்டும். லேத்காரர் சில நிமிடத்தில் கடைந்து தந்துவிடுவார். பின் பிளாஸ்டிக் பேனலை ஊடுருவிப் போகும் போல்ட்டாக இருந்தால் இது கட்டாயம்: உள்ளே புஷ் இல்லையென்றால் நீங்கள் இறுக்குவது பிளாஸ்டிக்கை. அது ஒன்று உடனே வெடிக்கும், அல்லது வெயிலில் இளகி போல்ட் தானாகத் தளரும்.

சாக் அப்சார்பர் போல்ட்

இரட்டை சாக் அப்சார்பர் உள்ள வண்டிகளில் ஸ்டேயின் மேல்முனை பலமுறை சாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில்தான் மாட்டும். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மைத் தாங்க ஒன்றுமில்லை. மேல் போல்ட்டின் ஓட்டையைத் திரும்ப நேர்ப்படுத்தவே அரை மணி நேரம் போகும்.

ஸ்டேயின் பட்டை 5 மி.மீ. என்றால் அவ்வளவு மரையை அது தின்றுவிடும். இறுக்கிய பின் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும். நட்டின் முகத்தோடு மட்டமாகவோ உள்ளுக்கோ நின்றால் அந்தப் பிடி போதாது. நீளமான போல்ட் வாங்கியே ஆக வேண்டும். நட் இல்லாமல் சேசிஸில் மரை வெட்டியிருந்தால், இரும்பில் போல்ட்டின் விட்டமளவு, அலுமினியத்தில் ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும்.

பட்டை எதன்மீது அழுந்துகிறது என்று பாருங்கள். சாக் அப்சார்பரின் கண்ணுக்குள் ரப்பரும் அதன் நடுவில் இரும்புக் குழலும் இருக்கும். ஸ்டே அந்தக் குழலின் முகத்திலோ வாஷரிலோதான் உட்கார வேண்டும். அகலமான பட்டை ரப்பரையும் சேர்த்து நசுக்கினால் சாக் அப்சார்பர் சுதந்திரமாக ஆடாது, ரப்பரும் பிய்ந்துபோகும்.

ஸ்டேயின் கீழ்முனை பின்கால்மிதியின் தாங்கிக்குப் போவது நல்லது. அது சேசிஸின் பகுதி. சைலன்சர் தாங்கியில் கட்டக் கூடாது, அது ரப்பரில் ஆடிக்கொண்டிருக்கும். ஸ்விங் ஆர்மில் கட்டவே கூடாது. மேலே சேசிஸ், கீழே ஸ்விங் ஆர்ம் என்று மாட்டினால் முதல் பள்ளத்திலேயே ஏதோ ஒன்று உடையும். அப்படியும் யாராவது கட்டுவார்களா என்றால், ஸ்டேயை அங்கே கட்ட மாட்டார்கள்; பையின் கீழ்ப்பட்டியைக் கட்டுவார்கள். விளைவு அதே வகைதான்: சக்கரம் மேலே கீழே போகப் போகப் பட்டி தளர்ந்து, ஒருநாள் செயினுக்குள் போகும்.

குறுக்குக் கம்பியைத் தேவையில்லாத துண்டு என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாத ஸ்டேயின் பின்முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள்: உள்ளே வளைந்து சக்கரத்தை நோக்கிப் போகும். வளைவில் பெட்டியும் அதையேதான் செய்யும்.

போல்ட், நட், வாஷர்

பெட்டிக்குப் பல்லாயிரம் செலவு செய்துவிட்டு, போல்ட்டை மட்டும் வீட்டு டப்பாவில் தேடி எடுப்பவர்கள் நம் ஊரில் அதிகம். போல்ட்டின் தலையில் 8.8 என்ற பலத்தின் தர எண் பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் கதவுக் கீலுக்கு ஆகும், இதற்கு ஆகாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பொதுவாகக் கிடைக்கும் ஏ2-70 துருப்பிடிக்காது என்பது உண்மை; ஆனால் 8.8-ஐவிட பலம் குறைந்தது, முன்னதாகவே இழுபடும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில், சுமை தாங்கும் இடத்துக்கு துத்தநாகம் பூசிய 8.8, பெட்டியின் மூடிக்கும் கைப்பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்வாக ஏற்றினால் பாதியில் இறுகிக் கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆன்ட்டி சீஸ் பசை கொஞ்சம் தடவினால் அந்தத் தொல்லை இல்லை.

இறுக்கும் அளவு: 8.8 தரத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்கு 10, 10 மி.மீ.க்கு 45–50 என்பது பொதுக் கணக்கு. சாக் அப்சார்பர், கால்மிதி போன்ற வண்டியின் சொந்த போல்ட்டுக்கு கையேடு சொல்வதே முடிவு. டார்க் ரெஞ்ச் இல்லையா? 25 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ விசை. 6 மி.மீ. போல்ட்டுக்கு ஸ்பேனரைப் பத்து செ.மீ. தூரத்தில் பிடித்து அதே விசை. மரை போவது பெரும்பாலும் இந்தச் சின்ன போல்ட்டில்தான், நீளமான ஸ்பேனரின் நுனியைப் பிடித்து இழுப்பதால்.

உருண்டைத் தலை அலென் போல்ட் பார்க்க அழகு. ஆனால் 8 மி.மீ. போல்ட்டில் சாதாரண அலென் தலைக்கு 6 மி.மீ. சாவி என்றால் உருண்டைத் தலைக்கு 5 மி.மீ.தான், குழியும் ஆழமில்லை. இரண்டாவது முறை கழற்றும்போது வழுவழுப்பாகிவிடும். சுமை தாங்கும் இடத்தில் அறுகோணத் தலையே நல்லது. வழியில் கழன்றால் எந்த ஊர் பஞ்சர் கடையிலும் ஸ்பேனர் கிடைக்கும்.

தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷரை நம்பிப் பயனில்லை. தொடர் அதிர்வில் அது செய்வது குறைவு. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், அல்லது மரையை ஒட்டிப் பிடிக்கும் திரவமான திரெட் லாக்கரில் நடுத்தர வலிமையுள்ள நீலநிறத்தை ஒரு சொட்டு விடுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் லாக்கர் பிடிக்காது, முதலில் துடைத்துவிடுங்கள். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற நெருப்பு காட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பேனலைத் தொடும் போல்ட்டில் லாக்கர் வழிந்தால் பிளாஸ்டிக் வெடிப்பு விடும், அங்கே நைலாக்தான். ஒருமுறை கழற்றிய நைலாக், விரலாலேயே முழுதாக ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தோன்றாதது. சக்கரத்தின் பக்கம் போல்ட்டின் தலை வரட்டும், நட்டும் மரைமுனையும் வெளிப்பக்கம் இருக்கட்டும். 30 மி.மீ. போதும் என்கிற இடத்தில் 40 மி.மீ. போல்ட்டை உள்நோக்கி விட்டால், மிச்சப் பத்து மி.மீ. டயரின் பக்கச்சுவரை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும்.

சக்கரம், சைலன்சர், செயின்

இடைவெளியைச் சோதிக்கும்முன் பின்சாக் அப்சார்பரின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) சுமைக்கு ஏற்றபடி கூட்டுங்கள். கிளாசிக் 350-இல் ஆறு படிகள் உண்டு. பிறகு ஒவ்வொரு பையிலும் 5 கிலோ அரிசிப் பையும் மேலே மூன்று ஒரு கிலோ பொட்டலமும் வைத்து, சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து குதியுங்கள். மூன்றாவது ஆள் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, குறுக்குக் கம்பிக்கும் டயருக்கும், பைக்கும் ஸ்போக்குக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். துணிப்பைக்கும் ஸ்போக்குக்கும் நடுவே அமுங்கிய நிலையிலும் 4–5 செ.மீ. வேண்டும். பையின் உட்பக்கம் விறைப்பான பலகை இல்லாவிட்டால், சாமான் சரிந்து பை உள்ளே புடைக்கும், 3 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வெட்டி உள்ளே வையுங்கள்.

சைலன்சர் விஷயம் மட்டும் தலைகீழ்: இது வண்டி நிற்கும்போது வரும் ஆபத்து. ஓடும்போது காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். மலையேறி வந்து சிக்னலிலோ டீக்கடையிலோ நிறுத்தியதும் சூடு நேராக மேலே ஏறிப் பையின் அடியைப் பிடிக்கும். நைலான், பாலியெஸ்டர் துணி 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும். அதற்கு வெகுமுன்பே இளகும். துணிப்பைக்கு 7–8 செ.மீ. இடைவெளி விடுங்கள். இடமில்லையென்றால் ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகட்டை, சைலன்சருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு ஸ்டேயில் மாட்டுங்கள். தகடு சைலன்சரைத் தொட்டால் பிரயோஜனமில்லை.

பட்டிகளின் தொங்கும் வால்களைச் சுருட்டிக் கட்டுங்கள். செயின் தொய்வையும் சுமையோடு பாருங்கள். காலி வண்டியில் சரியாக இருந்த செயின், பின்பக்கம் அமுங்கியதும் விறைத்துப்போகலாம்.

மாட்டி முடித்த நிலையிலேயே இதையும் செய்து பாருங்கள்: சீட்டும் சைடு பேனலும் திறக்கின்றனவா, பின்ஆக்சில் நட்டில் ஸ்பேனர் போகிறதா, ஆக்சிலை உருவ வழி இருக்கிறதா, சென்டர் ஸ்டாண்டை மிதிக்கும்போது கால் ஸ்டேயில் இடிக்கிறதா, பின்னால் இருப்பவரின் குதிகால் பெட்டியில் முட்டுகிறதா. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பஞ்சர் ஆகி, சக்கரம் கழற்ற முதலில் ஸ்டேயைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

இரண்டு பக்கமும் சமம் என்பது

இரண்டு பக்கமும் ஒரே எடை வைத்தால் சமம் என்று பலரும் நினைக்கிறார்கள். சைலன்சர் பக்கப் பெட்டி நடுக்கோட்டிலிருந்து தள்ளி நிற்கும். அது 38 செ.மீ., மறுபக்கம் 30 செ.மீ. என்றால், சைலன்சர் பக்கம் வைத்த 8 கிலோவுக்கு ஈடாக மறுபக்கம் 10 கிலோ வேண்டும். இழுக்கும் எடைத் தராசு வாங்கிப் பெட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். கையால் தூக்கிச் சொல்லும் எடை நம்பத்தக்கதல்ல. கனமானவை கீழே, முன்பக்கமாக, சக்கரத்தை ஒட்டிய பக்கத்தில்.

டாப் பாக்ஸில் செய்யும் தப்பு, அதில் இடம் இருக்கிறதே என்று டூல் கிட்டையும் தண்ணீரையும் வைப்பது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 1.4 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 40 செ.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால், பின்சக்கரத்தில் கிட்டத்தட்ட 13 கிலோ கூடுவதோடு முன்சக்கரத்திலிருந்து கிட்டத்தட்ட 3 கிலோ கழியும். ஹேண்டில் இலேசாகி, வேகத்தில் வண்டி தலையாட்ட ஆரம்பிப்பது இப்படித்தான். தட்டில் எழுதியிருக்கும் வரம்பும் சிறிது: சின்னப் பெட்டிகளுக்கு 3 கிலோ, பெரியவற்றுக்கே 10 கிலோ அளவுதான். அதில் மழைக்கோட்டும் துணியும் போகட்டும்.

கிளம்பும்முன் டயர் காற்றை கையேட்டில் இரண்டு பேருக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்; சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

50 கிலோமீட்டர் கழித்து

மாட்டிய அன்றைக்கே நெடும்பயணம் கிளம்பாதீர்கள். பவுடர் கோட்டிங்கின் மேல் இறுக்கிய போல்ட், அந்தப் பூச்சு அமுங்கியதும் பிடி தளரும். இது யாருடைய தவறும் இல்லை, அப்படித்தான் நடக்கும். சுமையோடு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். நைலாக் நட் என்றால் அப்படியே இறுக்கலாம். லாக்கர் போட்ட போல்ட் நகர்ந்தால் அந்த ஒட்டு போய்விட்டது. கழற்றி, துடைத்து, புதிதாகச் சொட்டு விட்டு மாட்ட வேண்டும். பிறகு போல்ட்டின் தலைக்கும் பட்டைக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை ஸ்பேனரே வேண்டாம். கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கழுவும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. போல்ட்டைச் சுற்றி மஞ்சள்தூள் மாதிரி பழுப்புப் பொடி படிந்திருந்தால், அது சாலைத்தூசி இல்லை. அந்த மூட்டில் இரும்பும் இரும்பும் உரசுகின்றன, போல்ட் பிடியில் இல்லை. வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல் பெயின்டில் மயிரிழைக் கோடும் அதில் துருவும் தெரிந்தால் அது கீறல். அதன் மேலேயே இன்னொரு வெல்டிங் இழுத்தால் அடுத்த கீறல் அரை அங்குலம் தள்ளி வரும். பெட்டியை இறக்கிவிட்டு, அந்த மூட்டு ஏன் முறுக்கிக்கொண்டு நின்றது என்று பாருங்கள்: போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது ஸ்டே எந்தப் பக்கம் துள்ளுகிறதோ, தப்பு அந்தப் பக்கம்.